உபதேசியாரின் பிரமாணிக்கம்

வேளாங்கண்ணிக்கு அந்தப் பேரை வைத்தது அவளுடைய அப்பா. பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றத்துக்குக் கூட்டிவந்து முடி இறக்குகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. அதற்குப் பிறகு ராகி அறுப்பு, மாட்டுக்குக் கோமாரி, தம்பி கல்யாணம் என்று வருசா வருசம் மாதாவிடம் தவணை வாங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, "மாப்ளே, நீங்களாவது கூட்டிட்டுப் போய்ட்டு வந்துருங்க" என்று பொறுப்பைக் கைமாற்றிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

பொறுப்பு போய்ச் சேர்ந்த ஆள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஆள். சூசைக்கொட்டாய் கோவிலின் உபதேசியார் சவரி. மாரண்டஹள்ளிப் பக்கம் கொட்டாய் என்கிற அஞ்சாறு குக்கிராமத்துக்கும் சேர்த்து ஒரே சாமியார் என்பதால், சூசைக்கொட்டாய்க்கு அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் மணி அடிக்க, ஜெபமாலை சொல்ல, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்த, சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் உட்கார, செத்தவர்களைக் கல்லறைவரை பாடிக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும் சவரிதான். நாற்பது வருசமாகச் சவரிதான்.

வேளாங்கண்ணியில் இருப்பதுபோலவே சூசைக்கொட்டாயிலும் ஆரோக்கிய மாதா கோவில்தான். ஆகவே அங்கே கொடி ஏறுகிற அதே நாளில் இங்கேயும் கொடி ஏறும். அங்கே நவநாள் என்றால் இங்கேயும் நவநாள். கொடிக்கயிற்றைப் பிடிப்பதும், ஒன்பது நாளும் முட்டிபோட்டு ஜெபம் சொல்வதும் உபதேசியார். இப்படியாக வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்க வேளாங்கண்ணியை விடாமல் இத்தனை வருசம் பிடித்து வைத்திருந்தது மாதாவேதான்.

ஒரே ஒரு வருசம் கிளம்பினார்கள். ஒரு மாற்று ஏற்பாடு செய்து, புளிசோறு கட்டிக்கொண்டு தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே பின்னாலேயே ஒருத்தன் மொபெட்டில் வந்து நின்று, கொட்டாயில் ஒரு பெரியவர் தவறிவிட்டார் என்றான். சவரி பஸ்ஸைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு மொபெட்டில் ஏறிவிட்டார். வேளாங்கண்ணி அடுத்த பஸ் பிடித்துத் தனியாகத் திரும்பி வந்தாள். புளிசோற்றைச் சாவு வீட்டில்தான் பிரித்தார்கள். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எதிர் வீட்டுக் காசியம்மாளுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. அவள் முருகனைக் கும்பிடுகிற குடியானவ வீட்டுக்காரி. வருசம் தவறாமல் ஆகஸ்டு கடைசியில் வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு, எண்ணெயும் மெழுகுவத்தியும் வாங்கிவந்து வேளாங்கண்ணியிடம் கொடுப்பாள்.

"அங்க மைக்குல நாளெல்லாம் உன் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருக்கறாங்க. இன்னும் வரலியே, எங்க போய்ட்டான்னு தேடறாங்க போல" என்பாள்.

"தேடட்டும். நான் இங்கதான் கோவில கூட்டிக்கிட்டு இருக்கறேன்னு போயி சொல்லு" என்பாள் வேளாங்கண்ணி. கோவிலைக் கூட்டுவதும், பீடத் துணி துவைப்பதும், ஞானோபதேசப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவதும் அவள் வேலை. அதற்கு உபதேசியாரம்மா என்று பேர் கொடுத்திருந்தார்கள். பேர் கொடுப்பதில் மட்டும் அவளுக்கு யாரும் குறை வைத்ததில்லை.

சவரி கெட்டவர் அல்ல. குடி இல்லை, பொய் இல்லை, கைநீட்டியது இல்லை. அவருக்கு இருந்த ஒரே வியாதி ஆமென். யாராவது குரலைத் தாழ்த்தி, கடைசி வார்த்தையை இழுத்து நிறுத்தினால் போதும், அவர் வாயிலிருந்து தானாக ஆமென் வந்துவிடும். என்ன சொன்னார்கள் என்பது பிறகுதான் காதில் ஏறும். பாலக்கோட்டு டாக்டர், "இனிமேல் இனிப்பையே தொடக் கூடாது" என்று கனத்த குரலில் சொல்லி நிறுத்தியபோது, "ஆமென்" என்றார். டாக்டர் பயந்துபோய் இன்னொரு தடவை நாடி பிடித்துப் பார்த்தார். மகள் பிளசியின் நிச்சயத்தில் மாப்பிள்ளையின் அப்பா கேட்கவேண்டியதை எல்லாம் வரிசையாகக் கேட்டு, "இவ்வளவுதாங்க எங்க விருப்பம்" என்று இழுத்து முடித்தார். "ஆமென்" என்றார் சவரி. அதற்கு மேல் பேரம் பேச யாருக்கு வாய் வரும். வேளாங்கண்ணியின் தோடு அந்த ஆமெனில் போனதுதான்.

இப்படி இருக்கையில் இந்த வருசம் புதுச் சாமியார் ஃபாதர் ஆரோக்கியராஜ் வந்தார். வரும்போதே கோவிலுக்குப் பாட்டு வரிகளைக் காட்டுகிற ஒரு திரையும், பாட்டெல்லாம் அடங்கிய ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்தார். சவரி ஒரு பாட்டை எடுத்துக் கொடுப்பதற்குள் பெட்டி அதைப் பாடி முடித்துவிடும். ஜூன் மாதத்தில் ஒரு நாள், "உபதேசியாரே, நீங்க ஓடினது போதும். ஓய்வெடுங்க. ஜோஸ்வின் படிச்ச பையன், இனிமே அவன் பாத்துக்குவான்" என்றார்.

சவரி சாவு வீட்டிலிருந்து வருகிறவர் போல வந்து உட்கார்ந்தார். விசயத்தைக் கேட்டதும் வேளாங்கண்ணி மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சந்தோசம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு அடுப்பைப் பற்றவைத்துப் பாயசம் காய்ச்சினாள்.

"எதுக்கு பாயசம்?" என்றார்.

"பால் திரிஞ்சிரும் போல இருந்துது" என்றாள்.

ஓசூரிலிருந்து பிளசி போனிலேயே ரெண்டு சீட்டுக்குப் பதிவு செய்துவிட்டாள். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ராத்திரி பஸ். சவரி மருமகனிடம் ஸ்பீக்கரில் சத்தியமே செய்தார். "இந்த வருசம் மாதாவே வந்து வேண்டான்னாலும் போறமுங்க." வேளாங்கண்ணி புதுப் பை ஒன்று வாங்கி, அதற்குள் புடவையை மடித்து வைத்து, ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்து வைத்தாள். அறுபதைத் தாண்டியவள் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளைபோல இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எடுத்துப் பார்த்தாள்.

ஆகஸ்டு பதினைந்து, மாதா விண்ணேற்புப் பூசை முடிந்ததும் பாராட்டு விழா. கோவில் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் ஃபாதர் சிரித்தபடி முழு உயரத்துக்கு நின்றார். கோவில் நிர்வாகம் பார்க்கிற பங்குப்பேரவைக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வட்டத்துக்குள் செல்போன் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு மூலையில், ரேசன் கார்டுக்கு எடுத்த போட்டோவில் சவரி இருந்தார். 'நாற்பது ஆண்டுகள் பிரமாணிக்கமான இறைஊழியர்' என்று போட்டிருந்தது.

பிரமாணிக்கம் என்ற வார்த்தையை வேளாங்கண்ணி நின்று படித்தாள். அந்த வார்த்தையை அவளுக்கு வேறு ஒரே ஓர் இடத்தில்தான் பழக்கம். இன்பத்திலும் துன்பத்திலும் உனக்குப் பிரமாணிக்கமாக இருப்பேன் என்று பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணிடம் சொல்வது. சவரியும் சொன்னார். கணீரென்ற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, அன்று சாயந்திரமே ஜெபமாலைக்கு மணி அடிக்கப் போனார்.

விழாவில் எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். மழையிலும் வந்தார், காய்ச்சலிலும் வந்தார் என்றார்கள். பேரவைச் செயலாளர் அன்பு மைக்கைப் பிடித்து, "நம்ம உபதேசியார் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லைங்க" என்றபோது கைதட்டல் கோவிலை நிறைத்தது. அந்த லீவெல்லாம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. சவரிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவருடைய சம்சாரத்துக்கு எதுவும் வாங்காதது அப்போதுதான் நினைவுக்கு வந்து, வராமல் போன சிறப்பு விருந்தினருக்காக வைத்திருந்த சால்வையை அவள் தோளில் போட்டார்கள்.

பிரியாணிக்காக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த காசியம்மாள் காதோரம் குனிந்தாள். "ஜோஸ்வினுக்கு ஓசூர் கம்பெனில வேல கெடச்சிருச்சாமே. நேத்தே போய்ட்டான். எம்பேரனும் அங்கதான இருக்கறான், சொன்னான். அப்ப உங்க கோவில யாரு பாத்துக்குவாங்க?"

வேளாங்கண்ணி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். பீடத்தின் பக்கம் பார்த்தாள். ஃபாதர் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ஏகப்பட்ட சாந்தம் இருந்தது.

"இந்த நல்ல உள்ளத்துக்காக நாம எல்லாரும் ஜெபிக்கணும்" என்றார் ஃபாதர். "மன்றாடுவோமாக."

கோவிலே எழுந்து நின்று கை குவித்தது. சவரி எல்லாருக்கும் முன்னால் தலை குனிந்தார். அவர் தலைமேல் ஃபாதர் கையை வைத்தார். மற்றொரு கையில் மைக்.

"எல்லாம் வல்ல இறைவா, உம் ஊழியர் சவரியை நாற்பது ஆண்டுகள் வழிநடத்தினீர். தகுந்த ஆள் கிடைக்கும்வரை, வருகிற நவநாளையும் திருவிழாவையும் தொடர்ந்து இவரே முன்னின்று நடத்த உடல் பலத்தையும் மனப் பலத்தையும் தந்தருளும்." குரல் தாழ்ந்தது. "எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக."

"ஆமென்" என்றார் சவரி.

மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. அந்த ஆமென் கோவில் கூரையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாகக் கொட்டாய் முழுக்கப் போய் வந்தது.

"பாருங்க, உபதேசியாரே சம்மதம் சொல்லிட்டாரு" என்றார் ஃபாதர். ஓய்வு பெற்றவர் ஒரு கால் மணி நேரத்திலேயே வேலையில் சேர்ந்துவிட்டார் என்று எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். சவரிக்கு அப்போதுதான் காதில் ஏறியது. அவர் திரும்பி வேளாங்கண்ணியைப் பார்த்தார். பால் கொட்டிவிட்ட பிள்ளையின் முழி.

வேளாங்கண்ணிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்று அன்பு மைக்கில் சொல்லிவிடுவான் என்பதால் அதை அடக்கிக்கொண்டாள். மடித்து வைத்த புடவை நினைவுக்கு வந்தது. அப்பா நினைவுக்கு வந்தார். இன்னொரு வருசம் என்றால் அடுத்த வருசம் கால் இருக்குமா, கண் இருக்குமா, சவரிதான் இருப்பாரா என்று கணக்குப் போட்டாள்.

"உபதேசியாரம்மாவும் ரெண்டு வார்த்தை பேசட்டுங்க" என்று அன்பு மரியாதைக்குக் கூப்பிட்டான். இப்படிக் கூப்பிட்டால் வேண்டாம் என்று கையாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வதுதான் வழக்கம். வேளாங்கண்ணி எழுந்து நேராக முன்னால் போனாள். சிறப்பு விருந்தினரின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மைக்கை வாங்கினாள்.

"பேசறதுக்கு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "மன்றாடுவோமாக."

கோவில் மறுபடியும் எழுந்து நின்றது. அந்த வார்த்தைக்கு உட்கார்ந்திருக்க அந்தக் கால்களுக்குத் தெரியாது. ஃபாதர் வாயைத் திறக்கப் போனார். ஜெபத்துக்கு நடுவில் எப்படிப் பேசுவது என்று மூடிக்கொண்டு, வேறு வழியில்லாமல் கை குவித்தார்.

"எல்லாம் வல்ல இறைவா," என்றாள் வேளாங்கண்ணி. நாற்பது வருசம் கேட்ட ராகம் தானாக வந்தது. "எங்க பங்குச்சாமியாருக்காக மன்றாடறோம். ஒம்பது நாள் நவநாளையும் அவரே முட்டிபோட்டு நடத்தறதுக்கு அவரு முழங்காலுக்கு பலத்தத் தாரும். கொடிக்கயித்த இழுக்க பேரவைக்காரங்க கைக்கும் பலத்தத் தாரும். பாட்டுப் பாட பொட்டி இருக்குது. அதுக்குக் கரண்டு போவாம பாத்துக்கும்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். காசியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆண்டவரே, உம்ம ஊழியரு சவரி உமக்குப் பிரமாணிக்கமா இருந்தாருன்னு வாசல்ல போட்டுருக்குது. நெசந்தான். நான் சாட்சி. அவரு போனப்பல்லாம் பின்னாடி வூட்டக் காத்துக்கிட்டு நானும் இருந்தேன். எனக்கும் பிரமாணிக்கமா இருப்பேன்னு இதே எடத்துல நின்னுதான் சொன்னாரு. அப்ப நீரும் கேட்டுக்கிட்டு இருந்தீரு." அவள் நிறுத்தவில்லை. "உமக்குச் சொன்னத முழுசா செஞ்சிட்டாரு. எனக்குச் சொன்னதுல இன்னும் மிச்சம் இருக்குது. அதுக்கு எங்களுக்கு இனி ரொம்ப நாள் இல்ல. இந்த மாசக் கடைசில ரெண்டு பேரும் பஸ்ஸேறி எங்கப்பா நேந்துக்கிட்ட கொடியேத்தத்தப் பாத்துட்டு வர, யாரும் குறுக்க வராம, யாரும் சாவாம, கிருபை பண்ணும்."

குரலைத் தாழ்த்தினாள். கடைசி வார்த்தையை ஃபாதரைவிட நன்றாகவே இழுத்தாள். "எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக."

"ஆமென்" என்றது கோவில். ஆம்பளைகள், பொம்பளைகள், பிள்ளைகள், மைக் வயரைப் பிடித்துக்கொண்டிருந்த அன்பு, எல்லாரும் சொன்னார்கள். குவித்த கையோடு நின்ற ஃபாதரும் சொல்லிவிட்டு, பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

எல்லாருக்கும் முந்தி வருகிற அந்தக் குரல் மட்டும் வரவில்லை. வேளாங்கண்ணி திரும்பிப் பார்த்தாள். சவரி சால்வையின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பீடத்தைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்த அதே பார்வை என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆமென்" என்றார் சவரி.

மைக் பக்கத்தில் இல்லை. குரலும் கணீரென்று இல்லை, முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் நாற்பது வருசத்தில் அவர் யோசித்துச் சொன்ன ஆமென் அது ஒன்றுதான்.