கம்பளிக்குத் தீட்டு இல்லை

மே மாதக் கடைசியில் ஹனூருக்குப் புறப்பட்டபோது சென்னிமலை தன் கில்ட் என்ற ஸ்காட்லாந்து உடையையும் அதற்கான சாமான்களையும் லக்ஷ்மம்மாவிடம் ஒப்படைத்தார். மைசூர் விஜயநகரில் லக்ஷ்மம்மாவின் வீட்டு மாடியில் அவர் நான்கு வருடமாகக் குடியிருக்கிறார். ராணுவ பேண்டில் பேக்பைப் என்ற பைக்குழலை வாசித்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மகள் தீபாவுக்குக் குறித்த நாளுக்கு முன்பே பிரசவ வலி கண்டுவிட்டது என்று ஹனூரிலிருந்து போன் வந்திருந்தது. ஆட்டோ வாசலில் நின்றது.

"ஏனுங்கம்மா, மாடியில மழைக்கு ஒழுகுது. இத உங்க பீரோவுல ஒரு ஓரமா வெச்சுக்கோங்க. தீபாவுக்கு ஒத்தாசைக்கு ஆளில்லீங்க. நான் வர நாலஞ்சு மாசம் ஆயிரும்."

இருபது வருடத்துக்கு முன் அவர்கள் பேண்டு ஸ்காட்லாந்தில் ஒரு விழாவுக்குப் போயிருந்தது. அங்கே அலிஸ்டர் என்ற குழல்காரர் அவருக்கு நண்பரானார். கிளம்பும் நாளில் தன் இடுப்பிலிருந்த கில்ட்டையே கழற்றிக் கொடுத்தார். கரும்பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட, பின்பக்கம் முழுவதும் மடிப்பு வைத்த கம்பளி உடை. அதில் பாக்கெட் கிடையாது. அதனால் முன்னால் தொங்கவிட்டுக்கொள்ள ஒரு தோல்பையும் சங்கிலியும் உண்டு.

லக்ஷ்மம்மாவின் கணவர் பராசரன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சென்னிமலை, பாவாடையை இங்க விட்டுட்டுப் போறேள்? குழந்தைக்குத் தூளி கட்ட ஆகுமே!"

"எட்டு கெஜம் கம்பளிங்க சார். தூளி கட்டினா குழந்த வெந்துரும்" என்று சிரித்துவிட்டு, சென்னிமலை லக்ஷ்மம்மா பக்கம் திரும்பினார். "போன வாரம் விருந்துல குழம்பு சிந்திருச்சுங்க. வேர்வையும் இருக்குது. சலவைக் கடையில குடுத்து டிரை கிளீன் பண்ணிட்டுத்தான் உள்ள வெக்கோணும். மடிப்புக் கலையாம நூல் ஓட்டியிருக்கறேன். பிளாஸ்டிக் கவர்ல மட்டும் போட்டுராதீங்க, பழைய வேட்டில சுத்தினாப் போதும். தோல்பைய காத்தாட எங்கியாச்சும் தொங்க விட்டுருங்க."

"நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கோ" என்றாள் லக்ஷ்மம்மா.

வாக்குக் கொடுத்தபோது அவள் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் அவள் பிறந்து வளர்ந்த மேலுகோட்டை வீட்டில் பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டு இல்லை. பருத்திப் புடவையைத் தினமும் நனைத்து, பிறர் கை படாமல் கொடியில் உலர்த்தினால்தான் மடி. பட்டையும் கம்பளியையும் நனைக்காமலே பூஜைக்கு உடுத்தலாம். அறுபது வருடப் பழக்கம் அது. தீட்டு இல்லாத துணிக்குச் சலவை எதற்கு என்று அவள் நினைத்தாள். ஊரார் துணியோடெல்லாம் சேர்த்து ஒரே இயந்திரத்தில் போடுவார்களே, அதுதானே தீட்டு? புடவைக் கடை கொடுத்த பிளாஸ்டிக் உறை ஒன்று புத்தம்புதிதாக இருந்தது. அதில் கில்ட்டை மடித்துப் போட்டு, பீரோவில் தன் கம்பளிச் சால்வைக்கு அடியில் வைத்தாள்.

தோல்பையை என்ன செய்வது என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மடிப் பட்டு இருக்கிற பீரோவில் தோலை வைக்க முடியாது. கூடத்திலும் வேண்டாம், அங்கே பெருமாள் படம் இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றி, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குக் கீழே, சோப்பும் பிரஷும் வைக்கிற மாடத்தில் தள்ளிவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்கு அது தோன்றவேயில்லை. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான், தவறு என்று தோன்றாமலே நடந்துவிடுகின்றன.

அக்டோபர் முதல் வாரத்தில் சென்னிமலை போன் செய்தார். பேத்தி நன்றாக இருக்கிறாள் என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "அலிஸ்டர் போன வருசம் தவறிட்டாருங்கம்மா. அவரு சம்சாரம் தசராவுக்கு மைசூர் வர்றாங்களாம். ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அவரு கில்ட்டக் கட்டிட்டு அவரு பாட்ட ஒருதரம் வாசிச்சுக் காட்டோணும். அந்தம்மா அதத் தொட்டுப் பாக்கோணும்னு கடுதாசில எழுதியிருக்கறாங்க. வியாழக்கிழம நான் வந்தர்றேன்."

அன்று சாயங்காலம் லக்ஷ்மம்மா பீரோவைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சடைத்த வாடை. கில்ட்டை விரித்ததும் மாவு போல ஏதோ உதிர்ந்தது. மடிப்புகளுக்குள் அரிசி போன்ற புழுக்கூடுகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஏழெட்டு இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது. குழம்பு சிந்திய இடத்தில் எட்டணா அளவுக்கு ஒரு ஓட்டை. அவளுடைய சால்வையும் அரித்திருந்தது, அதை அவள் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. கொல்லைக்கு ஓடினாள். நான்கு மாத மழையில் செய்தித்தாள் கூழாகிப் பைமேல் ஒட்டியிருந்தது. தோல் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. வார் வெடித்திருந்தது. சங்கிலி துருவேறியிருந்தது.

"பூச்சி அரிச்சா நீ என்ன பண்ணுவே?" என்றார் பராசரன். "சும்மா மனசைப் போட்டு வதைச்சுக்காதே."

"பூச்சியைக் கூப்பிட்டு விருந்து வெச்சவளே நான்தானே, ஏன்னா!"

மறுநாள் ஆட்டோ பிடித்து தேவராஜ மொஹல்லாவுக்குப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கிழிந்த துணியை இழை இழையாகப் பின்னிச் சேர்க்கும் ரஃபூக்காரர் ஒருவர் உண்டு. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கில்ட்டை முகர்ந்து பார்த்தார். சலவை செய்யாமல் உள்ளே வைத்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். கம்பளியைவிட அதில் இருக்கிற வேர்வையும் எண்ணெயும்தான் பூச்சிக்கு ருசி என்றார். உள்மடிப்பிலிருந்து நூல் உருவி, தெரியும் இடங்களை மட்டும் சனிக்கிழமைக்குள் அடைத்துத் தருவதாகச் சொன்னார். கூர்ந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும் என்றும் சொன்னார்.

தோல்பையை அவளே துடைத்தாள். துணியை மாற்றி மாற்றி, கொல்லைப்படியில் உட்கார்ந்து, பூஞ்சையை வழித்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவினாள். முடிந்ததும் குளித்தாள். தலையில் தண்ணீர் விழும்போதுதான் எதற்காகக் குளிக்கிறோம் என்ற நினைவு வந்தது. கையில் சொம்போடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

வியாழக்கிழமை சென்னிமலை வந்ததும், பையை இறக்கி வைக்கும் முன்பே, அவள் சொல்லிவிட்டாள். "கில்ட்டைப் பூச்சி அரிச்சுடுத்து, சென்னிமலை. சலவைக்குக் குடுக்காமலே வெச்சுட்டேன். ரஃபூவுக்குக் குடுத்திருக்கேன். பையிலயும் ஈரம் பட்டுடுத்து. என்னை மன்னிச்சுக்கோங்கோ."

அவர் முகம் சுருங்கியது. தோல்பையை வாங்கி வெடித்த வாரை விரலால் தடவினார். "மழக்காலமுங்க. என்ன பண்றது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பை எங்கே இருந்தது, ஏன் அங்கே இருந்தது என்பதை அவள் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் பெருமாளுக்கு விளக்கேற்றும்போது அவள் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அலிஸ்டரின் மனைவி மோராக் டாக்சியில் வந்து இறங்கினார். எழுபது வயதிருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். மொட்டைமாடியில் சென்னிமலை கில்ட்டும் நீளக் காலுறையும் தோல்பையுமாக நிமிர்ந்து நின்று வாசித்தார். எதிர்வீட்டு மாடிகளில் துணி உலர்த்தியவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மோராக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பிறகு எல்லோரும் கீழே கூடத்துக்கு வந்தார்கள். லக்ஷ்மம்மா காபி கொடுத்தாள். மோராக் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சென்னிமலையின் கில்ட்டின் ஓரத்தை விரல்களால் பற்றி மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். முன்பக்கத்தில், ரஃபூ செய்த இடத்தில், விரல் நின்றது. இன்னும் இரண்டு இடத்தில் நின்றது. பிறகு தோல்பையின் வாரைப் பார்த்தார். நிமிர்ந்து சென்னிமலையின் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"தப்பு என்னுதுங்க, மேடம். சரியா வெச்சுக்கல" என்று சென்னிமலை தன் ராணுவ ஆங்கிலத்தில் சொன்னார்.

லக்ஷ்மம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைச் சொன்னார். அவர் கோபித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இந்தச் சின்ன தயவைத் தாங்க முடியவில்லை.

"நோ" என்றாள். "நோ. நான்." பிறகு பராசரனிடம் திரும்பினாள். "ஏன்னா, அவாளுக்குச் சொல்லுங்கோ. இவர் சலவைக்குக் குடுக்கச் சொன்னார், நான் குடுக்கல. வேட்டியில சுத்தச் சொன்னார், நான் பிளாஸ்டிக்குல போட்டேன்."

பராசரன் ஆங்கிலத்தில் சொன்னார்.

"பையைக் காத்தாடத் தொங்கவிடச் சொன்னார். தோலாச்சேன்னு ஆத்துக்குள்ள வெக்காம, கொல்லையில துவைக்கிற கல்லுக்கடியில தள்ளினேன்."

பராசரன் வாயைத் திறந்து மூடினார். "அது எதுக்கு இப்போ, லக்ஷ்மி..."

"சொல்லுங்கோ. அதையும் சொல்லுங்கோ."

அவர் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். மோராக் முழுவதும் கேட்டார். லக்ஷ்மம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இதை நீங்கள் சொல்ல வேண்டியது என்னிடம் இல்லை என்று மெதுவாகச் சொல்லி, கண்ணால் சென்னிமலையைக் காட்டினார்.

சென்னிமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு வருசமா உங்க கையால காபி குடிக்கறேனுங்கம்மா" என்றார். "பைய மட்டுந்தான் வெளிய வெச்சீங்களா, இல்ல என்னையுமுங்களா?"

உடனே இல்லை என்று சொல்லிவிடலாம். எவரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பெருமாளுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்த லக்ஷ்மம்மாவுக்கு அந்தச் சுலபமான வார்த்தை நாவில் ஏறவில்லை.

"பையைத்தான்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றாள். "நீங்க கேட்டப்புறம் எனக்கே தெரியல, சென்னிமலை." அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

சென்னிமலை இடுப்பின் பின்பக்கம் கையை விட்டு, சங்கிலியின் கொக்கியை விடுவித்தார்.

"கொஞ்சம் புடிங்க" என்று தோல்பையை அவளிடம் நீட்டினார். "உக்காந்தா இது தொடையில குத்துதுங்க. அந்தம்மாகூட உக்காந்து காபி குடிக்கோணும்."

அவள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். நேராக உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். தன் கல்யாணக் கூறைப்புடவை இருக்கும் மேல்தட்டில் இடம் ஒதுக்கத் தொடங்கினாள்.

"ஐயோ, அங்க வேண்டாமுங்க!" என்று கூடத்திலிருந்து சென்னிமலை குரல் கொடுத்தார். "கதவடச்ச எடத்துல வெச்சா திரும்பவும் பூஞ்ச புடிச்சுரும். தோலுக்குக் காத்து வேணும்னு அன்னிக்கே சொன்னேனுங்களே."

பராசரன் சிரித்துவிட்டார். தன்னையறியாமல் சென்னிமலையின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது. முழுச் சிரிப்பாக அது ஆகவில்லை. அதற்கு நாளாகும் என்று லக்ஷ்மம்மாவுக்குத் தெரிந்தது. நாளாகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்துக்குத் திரும்பி வந்து சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலுக்கும் பெருமாள் படத்துக்கும் நடுவில், நல்ல காற்று வரும் இடத்தில், காலண்டர் மாட்டிய ஆணி இருந்தது. காலண்டரை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, தோல்பையை அதில் மாட்டினாள். வார் முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்குகிறதா என்று ஒருமுறை சரிபார்த்தாள். பிறகு, கையைக் கழுவப் போகாமல், சென்னிமலைக்குக் காபியை ஆற்றத் தொடங்கினாள்.