கோபத்தில் தொடாத கீரை

"எங்கயாவது போய்ச் செத்துத் தொலைங்க." சனிக்கிழமை சாயந்தரம் என் புருசன் பழனியாண்டியைப் பார்த்து நான் சொன்னது இதுதான். ஞாயிறு மதியம் அவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் விழுந்து கிடந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

சண்டைக்குக் காரணம் நல்லதண்ணி, சாமி மலைக்கு யாத்திரை ஏறுகிற ஊர். கல்யாணமான வருசத்திலிருந்து "அடுத்த சீசனுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவந்த மனுசன், என்னை விட்டுவிட்டுக் கூட்டாளிகளோடு பஸ் ஏறிப்போய் மலை ஏறிவிட்டு வந்து, எனக்குப் பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். கோபம் வராதா? மறுநாள் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவரே சோறாக்கி, கீரை கடைந்து, தானும் சாப்பிட்டு, எனக்கும் ஒரு கோப்பையில் போட்டு என் தலைமாட்டில் வைத்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் கதவுநிலையோடு பேசிக்கொண்டிருந்தார். அதைக் கங்காணி என்று நினைத்து விடுமுறை கேட்டார். முகம் செக்கச்சிவந்திருந்தது. அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவருக்குத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. எங்கள் பக்கம் சண்டை போட்ட மறுநாள் ஒருத்தர் விழுந்தால் யாரும் வேறெதையும் யோசிக்க மாட்டார்கள். "மருந்து குடிச்சிட்டான்" என்று லயமே சொன்னது. நானும் அதைத்தான் நம்பினேன். தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரர், அவரைக் கிடத்தியிருந்த லொறியில் ஏறிக்கூடப் பார்க்காமல், ஒரு துண்டுக் காகிதத்தில் 'பூச்சிமருந்து' என்று எழுதிக் கொடுத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பேச்சியம்மா என்னோடு வந்தாள். வழியில் அவளிடம் நான் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். கொன்றவள் நான்தான் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் துண்டைப் பார்த்ததும் நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். அற்றோப்பின் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பூச்சிமருந்து குடித்தவர்களைக் காப்பாற்றுகிற மருந்து அது. குத்தப்போன நேரத்தில் டொக்டர் குகநேசன் கையைக் காட்டி நிறுத்தினார். யாழ்ப்பாணத்து மனிதர், இளவயது. இமையைத் தூக்கிப் பார்த்தார், அக்குளில் கைவைத்தார், வாய்க்குள் பார்த்தார்.

"பூச்சிமருந்து குடிச்ச ஆளுக்கு வாயால வடியும், வேர்த்து ஊத்தும், கண்மணி சுருங்கும். இவர் காய்ஞ்சுபோய்க் கிடக்கிறார், கண்மணியும் விரிஞ்சுபோச்சு. இந்த ஊசி போட்டா இன்னும் மோசமாகும். காலமை என்ன சாப்பிட்டவர்?"

அந்த நேரம் என் புருசனின் விரல்கள் போர்வையைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தன. இல்லாத கூடைக்குள் இல்லாத கொழுந்து! ஆயுசுக்கும் ஓர் இலை கிள்ளாத மனுசன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கீரைங்க. அவரே பறிச்சு ஆக்குனாரு."

காலையில் அவர் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் குனிந்து நின்றதைப் பார்த்ததாகப் பேச்சியம்மா சொன்னாள். அங்கே ஊமத்தை மண்டிக்கிடக்கும். மலையில் கொழுந்துக்கு நடுவே கீரை பறித்துப் பழகிய பெண்கள் யாரும் அந்தப் பக்கம் கை நீட்ட மாட்டோம். பூ விடாத இளஞ்செடி ஆம்பிளைக் கண்ணுக்கு நல்ல கீரைதான்.

"அப்ப அவரு மருந்து குடிக்கலயா, ஐயா?"

"இல்லையம்மா. சமைச்சிருக்கிறார், அவ்வளவுதான்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பிழைப்பாரா என்பது இன்னும் தெரியாது. ஆனால் என் வார்த்தை அவரைக் கொல்லவில்லை.

இதற்கும் முறிமருந்து இருந்தது. பைசோஸ்டிக்மின் என்றார் டொக்டர், இரண்டே குப்பிதான் கைவசம். உடனே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ முதலில் நெஞ்சில் வயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். மூச்சிழுப்பு உண்டா, வலிப்பு வந்திருக்கிறதா, இருதயத்துக்கோ மனசுக்கோ குளிசை ஏதும் விழுங்குகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிசமாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். நர்ஸ் நாடியை விடவேயில்லை. சற்றுமுன் வேண்டாம் என்ற அந்த அற்றோப்பின் ஊசி தட்டில் பக்கத்திலேயே இருந்தது. ஏன் என்று பயந்து கேட்டேன்.

"இதைக் கெதியா, அவசரமாப் போட்டா இருதயம் அடிக்கிறது குறைஞ்சுபோகும். அப்படி வந்தா அதுதான் கைகாவல்."

ஊசியை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கிள்ளுகிற விரல்கள் நின்றன. ஒரு மணித்தியாலம் போக மறுபடி உளறினார். இந்த மருந்து சீக்கிரம் விட்டுப்போகும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மறுபடி தாளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றினார். வெயில் சாயும்போது நெற்றி ஈரமாயிருந்தது. வேர்வையைப் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

கண் திறந்தவர் சுற்றிலும் பார்த்து, என்னைக் கண்டதும் பதறினார்.

"நீ கீரை சாப்டியா?"

"தொடவேயில்லங்க. கோவத்துல அப்படியே வச்சுட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். "ஒங் கோவம் நல்லாருக்கட்டும் புள்ள," என்றார். வார்டே திரும்பிப் பார்க்கும்படி நான் அழுதேன்.