துவைக்கக் கூடாத டஸ்டர்

ஊரிலிருந்து இந்தக் குளிர் தேசத்துக்கு, அக்கா வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகியும் சின்னவளை யாரும் ஒரு வேலையும் செய்ய விடவில்லை. பாத்திரம் கழுவப் போனால் அக்கா ஸ்பாஞ்சைப் பிடுங்கிக்கொள்வாள். குழந்தையைத் தூக்கினால், "கழுத்து இன்னும் நிக்கலைடி, குடு" என்பாள். "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. வேலை கேட்டு ஏறி இறங்கிய கடைகளிலும் ஏறக்குறைய இதே பதில்தான். சோபாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவள் உட்காரும் இடம் மட்டும் பள்ளமாகிவிட்டது.

அதனால்தான் வெள்ளிக்கிழமை மதியம் காரிலிருந்து குழந்தையின் தள்ளுவண்டியை எடுக்கப் போனவள், டிக்கியில் கிடந்த, கார் தூசி தட்டும் டஸ்டரைப் பார்த்ததும் யாரையும் கேட்கவில்லை. மரக் கைப்பிடி, அதில் குஞ்சம் குஞ்சமாகச் சிவப்பு நூல். சிவப்பு என்பது பேச்சுக்குத்தான். பதினோரு வருஷத் தூசியைத் தின்று கறுத்துப்போய், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. அணைத்த மெழுகுவர்த்தி வாசம் வேறு. அக்கா புருஷன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற மனுஷனுக்கு இதையெல்லாம் பார்க்க ஏது நேரம் என்று நினைத்தாள். கைப்பிடியைக் கழற்றினாள். வாஷிங் மெஷினில் போட்டு, சோப்புத்தூள் இரண்டு மூடி கொட்டி, வெந்நீரில் ஓடவிட்டாள்.

வெளியே வந்தபோது அது குளித்து எழுந்த நாய்க்குட்டி மாதிரி பொசுபொசுவென்று இருந்தது. நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

நாலு மணிக்கு எழுந்த மாமா, டீயும் கையுமாக நாற்காலி முன்னால் நின்றார்.

"இது என்ன?"

"உங்க டஸ்டர்தான் மாமா. துவைச்சுட்டேன்."

"நல்லது. கையோட கார் பேட்டரியையும் கழட்டித் துவைச்சிருக்கலாமே, அவசரம்."

அவசரம் என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். கோபம் வந்தால் கத்தமாட்டார், கொழுந்தியாளை இப்படித்தான் வாருவார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டினால் அழுதுவிட்டாவது போகலாம்.

அவர் டஸ்டரை எடுத்து ஜன்னல் விளிம்பில் ஒரு இழு இழுத்தார். தூசி போகவில்லை. இங்கிருந்து அங்கே நகர்ந்து உட்கார்ந்தது. கூடவே நாலைந்து பஞ்சுத் துணுக்கும் சேர்ந்துகொண்டது.

"இது மெழுகு ஊறின நூல். மெழுகுதான் தூசியப் புடிக்கும். தூசி சேந்தா உதறணும், அவ்வளவுதான். துவைக்கவே கூடாது."

"புதுசு ஒண்ணு வாங்கிடலாமே மாமா."

"புதுசு மூணு வாரத்துக்கு மெழுகைக் கக்கும். கறுப்புக் கார்ல நத்தை ஊர்ந்த மாதிரி கோடு விழும். ஈரத்துணிய வச்சுத் தேச்சா கீறல். இது பழகின கழுதை, சொன்னபடி கேட்டுட்டு இருந்துச்சு."

அக்கா குழந்தையைத் தோளில் தட்டியபடியே வந்தாள். "திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஹோட்டல்காரர் காரப் பாக்கறாருடி. புடிச்சுப்போனா இவருக்கு நிரந்தரமா பகல் ஓட்டம். ராத்திரி வீட்ல இருப்பாரு. நம்ம தெருவையே தோண்டிப் போட்டிருக்கான், கழுவிட்டுக் கெளம்பினாலும் அங்க போறதுக்குள்ள மாவு பூசின மாதிரி ஆயிடும். ஹோட்டல் வாசல்ல நிறுத்தி ஒரு தட்டு தட்டறதுக்குத்தான் அந்த டஸ்டர்."

சொல்லிவிட்டு, "சரி விடு, நீ உக்காரு" என்றாள்.

சின்னவள் உட்கார்ந்தாள். ஆனால் அன்று முழுக்கத் தலைக்குள் அந்த டஸ்டர்தான் சுற்றியது.

மெழுகு போனால் எண்ணெய் வைத்தால் போச்சு. சனிக்கிழமை அக்கா தூங்கிய நேரம் பார்த்து, ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெயைக் கையில் ஊற்றி, தலைக்குத் தேய்ப்பதுபோல நூல் நூலாகத் தேய்த்தாள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் டஸ்டர் பளபளவென்று ஆகிவிட்டது. ஜன்னல் விளிம்பில் இழுத்துப் பார்த்தாள். தூசி மாயமாய்ப் போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கார் மின்னுவதைப் பார்த்து அவர்களாகவே வாயைப் பிளக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறங்கினாள். வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். கார் முழுக்கத் துடைத்தாள். கூரை, பானெட், நாலு கதவு, டிக்கி. இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தபோது, கார் அவள் கண்ணெதிரே வெளுத்துக்கொண்டிருந்தது. கோடு கோடாக, யாரோ சோற்றுக்கையால் தடவிய மாதிரி. குளிரில் எண்ணெய் உறைந்துவிட்டது. தினமும் பாட்டிலை ஹீட்டர் மேல் வைத்து உருக்கித்தானே தலைக்கு வைத்துக்கொள்கிறாள், இது ஏன் முன்னாடியே தோன்றவில்லை? தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மாடி பால்கனியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "எண்ணெய் தேச்சாச்சு. சடை எப்போ பின்னுவே?"

ஆனால் கீழே வந்து காரைத் தொட்டுப் பார்த்தவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இந்த மாசத்தோட ராத்திரி ஓட்டம் முடிஞ்சுதுன்னு உங்கக்காகிட்ட சொல்லி வச்சிருந்தேன்" என்றார். இந்தத் தடவை கேலி இல்லை. சின்னவள் வாளி எடுக்க மாடிக்கு ஓடினாள்.

இரண்டு வாளி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இருவருமாகக் காரைக் கழுவினார்கள். மேலே வந்தபோது அக்கா குழந்தையைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் இரண்டு பாட்டில்கள். அவளுடைய தேங்காயெண்ணெய் கல்லாய்க் கிடந்தது. அதே குளிரில், பக்கத்திலிருந்த பேபி ஆயில் தண்ணீராய் ஓடியது.

பாட்டிலைத் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா, இதை எடுத்துக்கட்டுமா?"

"உன் தலைக்கா?"

"டஸ்டருக்கு. பாரு, இது உறையவே இல்ல."

மாமா பாட்டிலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்தைப் படித்தார். "அட, இது மெழுகுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ரெண்டும் பெட்ரோல் வீட்டுப் புள்ளைங்கதான்."

அன்றைய பொழுது முழுக்க டஸ்டரோடு போனது. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு எண்ணெய் போகும்வரை நாலு தடவை அலசினாள். ஹேர் டிரையரால் காயவைத்தாள். பழைய சீப்பால் சிக்கெடுத்தாள், சீப்பில் பல் போனதுதான் மிச்சம். பேபி ஆயிலை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிப் பட்டும் படாமல் அடித்தாள். மிச்ச எண்ணெய் இறங்குவதற்காக, செய்தித்தாளில் சுருட்டி மேலே தன் சூட்கேஸைத் தூக்கி வைத்தாள். மூன்று தடவை தாள் மாற்றினாள். அப்படியும் ஒரு பக்கம்தான் தேறியது. மெஷினில் நூல் பிய்ந்த மறுபக்கம் இன்னும் பஞ்சு துப்பியது.

திங்கள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வரேன் மாமா. எது நல்ல பக்கம்னு எனக்குத்தான் தெரியும்."

"வா. வழியில எதையும் துவைக்கக் கூடாது."

ஹோட்டல் வாசலில் கார் நின்றபோது ஏழு அடிக்கப் பத்து நிமிஷம். அக்கா சொன்னபடியே மாவு பூசியிருந்தது. நல்ல பக்கத்தைக் கீழே பிடித்து, அழுத்தாமல் இழுத்தாள். தூசி நூலில் ஏறியது. பின்னால் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பானெட் முடிந்தது, கூரை முடிந்தது, கதவுகள் முடிந்தன. டிக்கி மூடியின் விளிம்புக்கு வந்தவளுக்குக் கை நின்றது. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தீற்றல். நேற்றுக் கழுவியதில் தப்பிய தேங்காயெண்ணெய். டஸ்டரால் தொட்டால் இன்னும் இழுபடும்.

ஹோட்டல்காரர் கோட்டு பட்டனைப் போட்டபடி படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

சின்னவள் திரும்பி நின்று, கைகளைப் பின்னால் கட்டுவதுபோல உள்ளங்கையைத் தீற்றல் மேல் வைத்து அழுத்தினாள். தகரம் ஐஸாகக் கடித்தது. அவர் முன்பக்கம் குனிந்து பார்த்தார். கதவைத் திறந்தார், சாத்தினார். கூரையில் விரலால் ஒரு கோடு இழுத்து விரலைப் பார்த்தார். உள்ளே குழந்தை வாசம் வருகிறதே என்று கேட்டார். வீட்டில் குழந்தை இருக்கிறது என்றார் மாமா. ஹோட்டல்காரர் பின்பக்கம் திரும்பும்போதுதான் அவள் கைக்கடியில் எண்ணெய் இளகிற்று. ஸ்வெட்டர் கையை இழுத்து ஒரே துடை துடைத்துவிட்டு நகர்ந்து வழி விட்டாள்.

அவர் டிக்கியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். யாரென்று கேட்டார்.

"துடைக்கறவங்க" என்றார் மாமா.

ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

காரில் ஏறியதும் சின்னவள் கையை விரித்தாள். உள்ளங்கை சிவந்து, எண்ணெயில் மின்னியது. என்ன செய்வதென்று தெரியாமல் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

மாமா கண்ணாடியில் பார்த்தார். "சனிக்கிழமையே தலையில தேச்சிருந்தா இவ்வளவு பாடு இல்ல."

"போங்க மாமா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டஸ்டர் அவள் மடியில் இருந்தது. அதைக் கேட்டு அவர் கை நீட்டவில்லை.