அந்தக் கத்தி யாருக்கு

விடுமுறைக்கு ஜப்பான் போவோம் என்று கிறகரி சொன்ன நாளிலிருந்து றோசாவுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் இந்த மனுசன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போன ஆகத் தூரமான இடம் ரொறொன்ரோ. அதுவும் ஒரு செத்தவீட்டுக்கு. திடீரென்று ஜப்பான் என்றால் எவளுக்குத்தான் சந்தேகம் வராது?

போகிற இடங்களின் பட்டியல் இன்னும் மோசம். மாதா கோயில் இல்லை, கடற்கரை இல்லை, கடைத்தெருகூட இல்லை. சஞ்ஜோவில் உளி அடிக்கிறவர், மீக்கியில் மரம் அரிகிற வாள் செய்கிறவர், பிறகு மரம் இழைக்கிற சீவுளி செய்கிற யாரோ ஒருவர். பத்து நாளில் ஏழு பட்டறை! வருடம் முழுக்கத் தளபாடப் பட்டறையில் மரத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு விடுமுறையிலும் அதே வேலையா?

"உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டாள்.

"அவையள் கையாலை செய்யிறதைக் கிட்ட நிண்டு பாக்கோணும். நீரும் வாருமன்."

அந்த 'வாருமன்' உப்புச்சப்பில்லாமல் வந்தது. வராவிட்டாலும் பரவாயில்லை என்பது போல. அதுதான் அவளுக்கு உறுத்தியது. சனிக்கிழமைகளில் அவள் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி அடுக்கப் போய்விடுவாள். இவனோ கொஞ்சக் காலமாக ஓவர்டைம் என்கிறான். என்ன ஓவர்டைமோ, யாரோடையோ!

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது குசினி மேசையில் அவனுடைய கணினி திறந்தபடி கிடந்தது. ஒரு கொல்லரின் கடிதம். கம்பியூட்டர் மொழிபெயர்த்த ஆங்கிலம்.

'மரத்தில் கோடு கீறும் கத்தியை ஒரு பக்கம் மட்டுமே தீட்டுவோம். வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு வேறு. உங்களுடன் வருகிறவர் இடக்கைக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். அவரே நேரில் வந்து பிடித்துப் பார்க்கட்டும்.'

உங்களுடன் வருகிறவர்! றோசா அந்த வரியைத் திரும்பவும் வாசித்தாள். அவள் சோத்துக்கைக்காரி. கிறகரியோடு பட்டறையில் வேலை செய்யும் சில்விதான் இடக்கை. போன நத்தார் விருந்தில் அவள் இடக்கையால் நீட்டிய கேக்கை றோசா வாயில் வைக்கவே இல்லை.

"ஆரப்பா அந்த இடக்கைக்காரி?"

கிறகரி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கணினியை மூடினான்.

"சில்விதானே? என்னை விட்டிட்டு அவளோட போகப் போறியள், என்ன?" அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு மெலனி அறையிலிருந்து வந்தாள். ஒரே மகள், பதினாறு வயது.

"சில்வி இல்லை அம்மா. அது நான்தான். சனிக்கிழமையிலை லைப்ரரி எண்டு சொல்லிப்போட்டு அப்பாவோட பட்டறைக்குப் போறனான். ஒரு கதிரை செய்யிறன்."

சில்வி இல்லையென்றதும் றோசாவுக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே குழம்பிப்போனாள்.

"உனக்கெங்கை இடக்கை? அதைத்தான் நாலு வயசிலையே மாத்திப்போட்டனே!"

பொய்யில்லை. சாப்பிடும்போது பிள்ளையின் இடக்கையைத் துவாயால் கதிரையோடு கட்டிவைத்தவள் அவள். ஒரு மாதத்தில் திருத்திவிட்டேன் என்று கோயிலில் மற்றப் பெண்களிடம் பெருமையடித்ததும் அவள்தான்.

"வீட்டிலை மட்டும்தான் அம்மா மாத்தினனான்," என்றாள் மெலனி. "வெளியிலை எல்லாம் இடக்கைதான். கதவைத் திறந்து உள்ளை வரேக்க மாத்திக்கொள்ளுவன்."

பன்னிரண்டு வருடம். றோசாவுக்கு வெட்கமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை.

"மூண்டு டிக்கெட்டே எடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் எடுக்கேல்லை." கிறகரி நிலத்தைப் பார்த்தான். "அம்மா வந்தால் நான் வரேல்லையெண்டு பிள்ளை சொல்லுறாள்."

மெலனி மெல்லத் தலையாட்டினாள். றோசா கதிரையில் இருந்தாள்.

"ரெண்டு எடுங்கோ," என்று சொல்ல அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.