ஏழு தொட்டிகளின் எடை

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை மாலை, ஒசாகாவுக்கு வடக்கே உள்ள ஐந்து மாடிக் குடியிருப்பில், ஹத்சுயேயின் மூன்றாம் மாடி பால்கனியில் இருந்த ஏழு சாமந்தித் தொட்டிகளும் தரையை விட்டு ஒரு சாண் மேலே நின்றன. அந்த வாரம் வேறெதுவும் மேலே ஏறவில்லை, முள்ளங்கி விலைகூட.

காரணம் மண். ஹத்சுயே கடை மண் வாங்குகிறவள் அல்ல. பூங்காவில் உதிர்ந்த இலையை வாரிவந்து அரிசித் தவிட்டோடு ஓராண்டு மட்கவைத்து, கருக்கிய உமியும் கொஞ்சம் களிமண்ணும் சேர்ப்பாள். கைப்பிடி மண்ணை இறுக்கினால் கட்டியாக நிற்க வேண்டும். விரலால் தொட்டால் உதிர வேண்டும். தவிட்டு நாற்றம் பற்றி முதல் ஆண்டு புகார் சொன்னவர்கள், அவள் தந்த கத்தரிக்காயைத் தின்ற பிறகு மூக்கை மறந்தார்கள்.

மறக்காதவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் குராமோச்சி. லிஃப்ட் கம்பெனியில் மேலாளராக ஓய்வு பெற்று, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருப்பவர். குப்பை கொட்டப் போகும்போதும் ‘தலைவர்’ என்றெழுதிய துணிக் கைப்பட்டையைக் கழற்றமாட்டார். ஒரு பால்கனிக்கு நாற்பது கிலோவுக்கு மேல் தொட்டி கூடாது, மீறினால் ஞாயிற்றுக்கிழமை அகற்றப்படும் என்று சுற்றறிக்கை எழுதினார். அட்டையில் செருகிய அறிக்கை கதவுக்குக் கதவு போயிற்று. படித்ததற்கு அடையாளமாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டுவது அங்கே வழக்கம், படிப்பது வழக்கமில்லை.

சனிக்கிழமை காலைதான் பக்கத்து வீட்டு மினேகோ சொன்னாள்.

“உன் தொட்டியத் தூக்கிப் போடச் சொல்லி நீயே முத்திரை குத்தியிருக்கியே, ஹத்சுயே-சான்.”

“கையெல்லாம் தவிடு, எங்க படிக்கிறது? நீ படிச்சியே, அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“நானும் இன்னிக்குத்தான் படிச்சேன். எங்கிட்டதான் தொட்டி இல்லையே.”

மொட்டு விட்ட செடிகளை எறிய ஹத்சுயேக்கு மனமில்லை. எடையைக் குறைப்பதென்று உட்கார்ந்தாள். ஏழு தொட்டியையும் கவிழ்த்து, களிமண்ணைச் சலித்தெடுத்து, இலை உரத்தையும் உமிக்கரியையும் கூட்டினாள். கைப்பிடி மண்ணை இறுக்கினாள், நின்றது. தொட்டாள்; உதிர்ந்தது. ஆனால் மேல்நோக்கி உதிர்ந்தது. பதம் வந்துவிட்டதென்று செடிகளை நட்டாள்.

ஞாயிறன்று குராமோச்சி தராசோடு வந்தார். பின்னால் படிக்கட்டு முழுக்க ஜனம். ஒரு தொட்டியை இழுத்துத் தராசில் கட்டினார். முள் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு கிலோ இறங்கியது. தராசில்தான் கோளாறு என்று அறிவித்து, சோதிக்கத் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தாமே ஏறி நின்றார். டாக்டர் எட்டு வருடமாகக் கேட்டுவந்த எடையை முள் காட்டியது. அவர் சற்று நேரம் இறங்கவில்லை.

“தலைவரே, நாப்பது கிலோ வரைக்கும் வெச்சுக்கலாம்னு நீங்கதானே எழுதினீங்க?” என்றாள் ஹத்சுயே. “ஏழு தொட்டியும் சேர்ந்தா பூஜ்யத்துக்குக் கீழ நாப்பத்திரண்டு. அப்போ எனக்கு இன்னும் எம்பத்திரண்டு கிலோ வைக்க இடமிருக்கு.”

அடுத்த சுற்றறிக்கை எழுதும் முறை அவளுடையது. கீழ் வாசலில் பொதுவுக்கு ஒரு தொட்டி இருக்கும், அரிசி மூட்டையோடு படியேறுகிறவர்கள் பாரம் குறைய எடுத்துப்போய்த் திருப்பி வைக்கவும் என்றிருந்தது. கடைசி வரியில், இனி ஹத்சுயேதான் தலைவர் என்றிருந்தது. வழக்கப்படி குத்திய முதல் முத்திரை குராமோச்சியுடையது.

நவம்பரில் சாமந்திகள் நான்காம் மாடி உயரத்தில் பூத்தன. தண்ணீரை நான்காம் மாடிக்காரர்கள் ஊற்றுகிறார்கள். குராமோச்சி மூச்சு வாங்காமல் படியேறுகிறார். கைப்பட்டை நல்ல உறுதியான துணி; மேலே பறந்துவிடாமல் ஒரு தொட்டியின் கயிற்றைப் பால்கனிக் கம்பியோடு சேர்த்து அதில்தான் ஹத்சுயே கட்டியிருக்கிறாள்.