மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டில்

புது வீட்டுக்கு மரம் எடுக்கக் காரைக்கால் போனபோது சிவநாதன் தன் அக்காவையும் அழைத்துக்கொண்டு போனான். நீலாயதாட்சிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு தம்பியை வளர்த்தாள்; பிறகு அவன் பிள்ளைகளையும் வளர்த்தாள். நெரவியில் அந்த வீட்டுக்கு எது வாங்கினாலும் அவள்தான் பார்த்து வாங்குவாள்.

கூடத்துக்கும் தன் அறைக்கும் தேக்கு என்று சிவநாதன் முன்பே முடிவு செய்திருந்தான். அது போக ஒற்றைக் கட்டிலும் சின்ன அலமாரியும் வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டாள். வந்து போகிறவர்களுக்கு என்றான். பெயின்ட் அடிக்கப்போகிற சாமான்தானே, மலிவாக ஏதாவது பார்க்கச் சொல்லிவிட்டுத் தேக்குப் பக்கம் போய்விட்டான்.

பூவரசு காட்டினார்கள். இத்தனை அழகான ரேகையைப் பெயின்டில் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ரப்பர் மரம் வழவழவென்று இருந்தாலும் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்தாள். கடைசியில் நன்றாகக் காய்ந்த மாம்பலகைகளை முடிச்சில்லாமல் பொறுக்கினாள். பிரைமர் இரண்டு கை அடித்துவிட்டு மஞ்சள் அடிக்கும்படி ஆசாரியிடம் அவளே சொன்னாள். வருகிறவர்கள் சந்தோஷமாகப் படுக்க வேண்டும் அல்லவா?

கிரகப்பிரவேசம் முடிந்த வாரமே லோடு ஆட்டோ வந்தது. திருநள்ளாறு பக்கம் தெரிந்த ஒருவருக்குக் கட்டிலையும் அலமாரியையும் கொடுப்பதாகச் சொன்ன தம்பி மனைவி விஷ்ணுப்ரியா, கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள நீலாயதாட்சியையும் கூட அனுப்பினாள். சிவநாதன் பைக்கில் முன்னால் போனான்.

ஆட்டோ நின்ற இடம் வயதான பெண்களுக்கான விடுதி. கட்டிலை இறக்கியபோது தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அவளுடைய பெட்டியும் வந்தது.

"யாருக்குடா இது?"

"உனக்குத்தான் அக்கா. கட்டிலு, அலமாரியெல்லாம் நாமதான் கொண்டாரணும்னாங்க. வீட்ல பின்னாடி ரூம்ல விஷ்ணுப்ரியாவோட அம்மா இருக்கப்போறாங்க. உனக்குப் புடிச்ச மாதிரி இருக்கட்டும்னுதான் உன்னையே பாக்கச் சொன்னேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா அழுவே. புது வீட்டுக்குப் பால் காய்ச்சற நேரத்துல அழுதா நல்லாவா இருக்கும்?"

கட்டிலைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னாள். வீட்டில் இடமில்லை என்று அவன் பைக்கைக் கிளப்பினான்.

அவள் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். பக்கத்து அறை மணிபாரதிக்கு மூட்டுவலி, அவள் கொண்டுவந்திருந்த பழைய இரும்புக் கட்டில் குழி விழுந்து கிடந்தது. மஞ்சள் கட்டிலை அவளுக்கே கொடுத்துவிட்டாள். அலமாரியைத் திறக்கவே இல்லை. துணிகள் பெட்டியிலேயே இருந்தன.

ஒரு நாள் காலையில் சிவநாதன் போன் செய்தான். கூப்பிட்டுக்கொள்ளப்போகிறானோ என்று அவள் அவசரமாக எடுத்தாள். நார்த்தங்காய்க்கு எவ்வளவு உப்புப் போட வேண்டும் என்று விஷ்ணுப்ரியா கேட்கச் சொன்னாளாம்.

நீலாயதாட்சி அளவைச் சொன்னாள். ஈரக் கை படக்கூடாது என்றும் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.