சிவப்பு அட்டை தொங்கிய அடுக்கு

அறுபதடி உயரத்தில் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, கப்பலின் வயிற்றிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்குவது நாத்தனாரின் தொழில். எலிகளின் மூளையை ஆராய்வது அண்ணியின் தொழில். ஒரே கூரையின் கீழ் ஆறாண்டுகள் வாழ்ந்தும் ஒருத்தியின் வேலையை மற்றவள் கண்ணால் கண்டதில்லை. அந்த இரண்டு தொழில்களையும் முட்டவிட்டது துறைமுக நிர்வாகம் விட்ட ஒரு சுற்றறிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் அதைச் சாப்பாட்டு மேசையில், அண்ணியின் தட்டருகே விரித்து வைத்தாள். பெண்ணின் மூளை ஹார்மோன் சுழற்சிக்கு ஆட்பட்டதாம். சிறு ஓசைக்கும் துள்ளக்கூடியதாம். ஆகவே முப்பத்தெட்டுப் பெண் ஓட்டுநர்களும் கிரேனை விட்டு இறக்கப்பட்டுக் கிடங்கு வேலைக்கு அனுப்பப்படுவார்களாம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணைக் குழுவின் முன் சொல்லலாமாம். அடியில், சான்று என்ற தலைப்பில் ஒரு வரைபடம். மூன்று நாள் தரையில் தவழ்ந்து, நான்காம் நாள் விண்ணுக்குப் பாயும் கோடு. வீட்டில் எல்லோரும் எலி டாக்டர் என்று கேலி பேசும் அண்ணி, பதினோரு ஆண்டு உழைத்து வரைந்த கோடு அது.

“உங்க எலிக்குக் கிரேன் ஓட்டத் தெரியுமா அண்ணி? எனக்குத் தெரியும்.”

தான் எழுதியது எலியைப் பற்றி, பெண்களைப் பற்றியல்ல என்று டாக்டர் விளக்கினாள். நாத்தனார் எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். கத்தியைத் தீட்டிக் கொடுத்தவள், குத்தியது நானில்லை என்று கையை விரிப்பது எந்த ஊர் நியாயம்? அந்தக் கேள்வி வெளியிலிருந்து வரவில்லை. டாக்டரின் நெஞ்சுக்குள்ளேயே எழுந்து, அங்கேயே குத்திக்கொண்டு நின்றது.

உறங்கும் உயிரை உலுக்கி எழுப்பி, கேள், பார், ஓடு என்று ஏவுகிற ஒரு விசை மூளையில் உண்டு. அதை அளப்பதே அவள் ஆராய்ச்சி. பெட்டிக்குள் எலியை விடுவாள். திடீரென ஓர் ஒலி எழும். பத்து நிமிடத்தில் எலி எத்தனை முறை ஒளிக்கதிரைக் குறுக்கே வெட்டி ஓடுகிறது என்று கருவி எண்ணும். பெண் எலிக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை இணைசேரும் சூட்டு நாள் வரும். அந்த நாளில் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஏறியது. ஹார்மோனே காரணம் என்று எழுதினாள், உலகம் தலையாட்டியது.

திங்கட்கிழமை காலை அவள் பழைய குறிப்பேடுகளை இழுத்துப் போட்டு, குழுவின் முன் சொல்ல ஒரு வரியாவது அகப்படுமா என்று தேடினாள். எலிகளைப் பராமரிக்கும் கூண்டுக்காரர் எட்டிப் பார்த்து, மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிறீர்களா, நம்மிடம்தான் ஏற்கெனவே முந்நூறு இருக்கிறதே என்று சிரித்தார். அவள் அந்தக் கோட்டைக் காட்டினாள். அவர் நான்காம் நாள் உச்சியில் விரலை வைத்தார்.

“இது நான் தூள் மாத்துற நாள்தானே டாக்டரம்மா?”

அவளுக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். ஒரே நாளில் சூட்டுக்கு வரும் எலிகளை அவள் ஒரே அடுக்கில் வைத்திருந்தாள். அன்றைக்குச் சூட்டு நாளான அடுக்கில் சிவப்பு அட்டை தொங்கவிடுவாள். நான்கு அடுக்கில் இன்று எதன் கூண்டுகளில் மரத்தூள் படுக்கையை மாற்றுவது என்று நினைவு வைப்பது அவருக்குப் பெரும்பாடு. ஆகவே எந்த அடுக்கில் சிவப்பு அட்டை தொங்குகிறதோ, விடியற்காலையில் அந்த அடுக்குக்குப் புதுத்தூள். பதினோரு ஆண்டும் அப்படித்தான்.

“புதுத்தூள் போட்டா எந்த எலியும் ஆடும்மா. ஆம்பளை எலியும்தான் ஆடும். நீங்க அதைப் பார்த்ததே இல்லையா?”

பார்த்ததே இல்லை. ஆணுக்குச் சுழற்சி கிடையாது, அதை நாள்தோறும் எதற்கு அளப்பது என்று, ஆண் எலிகளை ஒரே ஒரு நாள் அளந்து ஒதுக்கிவிட்டாள். அவள் மட்டுமா? அந்தக் கட்டுரையைப் படித்துத் தலையாட்டிய அத்தனை பேரும் கேட்க மறந்த கேள்வி அது. ஆண் நிலையானவன் என்பதை யாரும் நிரூபிக்கவில்லை; நிரூபிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

செவ்வாய் முதல் வெள்ளி வரை சரியாக நான்கு காலைப்பொழுதுகள் இருந்தன. எட்டு ஆண் எலிகளை நாள்தோறும் அளப்பது. நான்காம் நாள் மட்டும் புதுத்தூள். வெள்ளியன்று சூட்டு நாளுக்கு வரும் எட்டுப் பெண் எலிகளுக்குப் பழைய தூளே கிடக்கட்டும்.

செவ்வாய், சராசரி நூற்று நாற்பது. புதன், நூற்று முப்பத்தெட்டு. வியாழன், நூற்று நாற்பத்தைந்து. மூன்று நாளும் ஆண் எலிகள் சாதுவாகவே இருந்தன. கோடு உடையாவிட்டால் நாத்தனார் கிரேனை இழப்பாள். உடைந்தால் இவள் பதினோரு ஆண்டுகளை இழப்பாள். எதற்காக வேண்டிக்கொள்வது?

வியாழன் மாலை ஆய்வகத் தலைவர் அழைத்தார். கதவைச் சாத்தினார். அந்தக் கட்டுரையை நம்பித்தான் அடுத்த ஐந்தாண்டுத் திட்டமும் அதில் வேலை பார்க்கும் ஒன்பது பேரும் இருக்கிறார்கள் என்றார். நான்கு நாள் சோதனை சோதனையாகாது என்றார். அதில் உண்மையும் இருந்தது. பிறகு குரலைத் தணித்தார்.

“யாரும் கேக்காத கேள்விக்கு நீங்க ஏன் பதில் சொல்றீங்க? கேட்டா, எலி வேற மனுஷன் வேறன்னு சொல்லிட்டு வாங்க.”

வெள்ளி காலை ஏழு மணி. கூண்டுக்காரர் ஆண் எலிகளுக்குப் புதுத்தூள் பரப்பினார். பெட்டியில் ஒலி எழுந்தது. முதல் எலி: முந்நூற்றுப் பத்து. இரண்டாவது: இருநூற்றுத் தொண்ணூறு. எட்டும் அப்படியே ஆடின. பிறகு சூட்டு நாளில் இருந்த பெண் எலிகள், பழைய தூளிலிருந்து வந்தவை: நூற்று அறுபது, நூற்று ஐம்பத்தைந்து. சற்றே கூடுதல், அதற்கு மேல் ஏறவில்லை. கருவி சொன்ன எண்களை டாக்டர் தன் கையாலேயே எழுதினாள். கூண்டுக்காரர் தன்மேல் பழி விழுமோ என்று விழித்தார். அட்டையைத் தொங்கவிட்டவள் தான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டு அவள் புறப்பட்டாள்.

விசாரணை அறையில் நீண்ட மேசை. ஒருபுறம் குழுத் தலைவியும் இரு உறுப்பினர்களும்; எதிரே துறைமுக அதிகாரி; சுவரோரம் நாத்தனாரும் அவள் தோழியரும், தலைக்கவசங்களை மடியில் வைத்தபடி. ஆய்வகத் தலைவரும் வந்து கதவருகே அமர்ந்திருந்தார். அதிகாரி வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, இது தங்களுடையதுதானே என்று பணிவோடு கேட்டார். ஆம் என்று சொல்லி அமர்ந்துவிடலாம். எலி வேறு, மனிதர் வேறு என்று ஒரு வால் சேர்த்துக்கொள்ளலாம். கதவருகே ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“என்னோடதுதான். அதுல இருக்கிற தப்பும் என்னோடதுதான்.”

மரத்தூளையும் சிவப்பு அட்டையையும் எட்டு ஆண் எலிகளையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். நான்கு நாள் சோதனை முடிந்த முடிபாகாது. ஆனால் அந்த வரைபடத்தை இனி ஒரு மனிதர் மீதும் ஏவ முடியாது. கட்டுரையைத் தானே திரும்பப் பெறப்போவதாகவும் சொன்னாள். அதிகாரி விடவில்லை. அப்படியானால் பெண்ணின் மூளையை ஹார்மோன் அசைப்பதே இல்லையா என்று மடக்கினார்.

“அசைக்கலாம் சார். ஆம்பளை மூளையையும் அசைக்கலாம். உங்க ஆம்பளை டிரைவர்களை யாராவது தினமும் அளந்து பார்த்தீங்களா?”

சுவரோரம் ஒரு தலைக்கவசம் சிரிப்பில் நழுவி உருண்டது. குழுத் தலைவி சிரிக்கவில்லை; எழுதினாள். ஆண் ஓட்டுநர்களையும் பெண் ஓட்டுநர்களையும் ஒரே மாதிரி முப்பது நாள், அவர்கள் செய்யும் வேலையிலேயே அளந்து அறிக்கை தரும்வரை சுற்றறிக்கை செல்லாது. அதிகாரி கோப்பை மூடினார். ஆய்வகத் தலைவர் எழுந்து போனார், அவளைத் திரும்பிப் பாராமல்.

இரண்டு மணிக்கு நாத்தனாருக்கு வேலை. டாக்டர் அவளோடு கரைவரை நடந்தாள். கிரேனின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. முப்பது டன் பெட்டிகள் இரைச்சலுக்கு நடுவே இறங்கும் இடத்துக்கு ஒருமுறைகூட வந்து பாராமல், பதினோரு ஆண்டுகள் பெட்டிக்குள் எலியின் துள்ளலை எண்ணியிருந்தாள்.

நாத்தனார் ஏணியில் கால் வைத்துத் திரும்பினாள்.

“போய் கட்டுரையைத் திரும்ப வாங்குற கடிதத்தை எழுதுங்க அண்ணி. இங்க நிக்காதீங்க, தலையில ஒண்ணும் இல்லை.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். “கவசத்தைச் சொன்னேன்.”

டாக்டர் பாதுகாப்பு எல்லையான மஞ்சள் கோட்டுக்கு வெளியே நகர்ந்தாள். முதல் பெட்டி இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, எழுதப் போனாள்.